சர்வருக்குக் கதவிலக்கம்

அலுவலகக் கணினிகள் காலையில் விழித்ததும் ரவுட்டரிடம் ஒரு முகவரி கேட்டு வாங்கிக்கொள்கின்றன. இன்று 192.168.1.123 என்று இருந்தது நாளை 192.168.1.131 ஆகலாம், யாருக்கும் நட்டமில்லை. கணக்குக் கோப்புகளை வைத்திருக்கும் சர்வர் அப்படி வீடு மாற்றிக்கொண்டிருக்க முடியாது. எல்லோரும் அதைத் தேடித்தானே வருகிறார்கள்? அதற்கு நிலையான ஐ.பி. முகவரி வேண்டும். அதுவும் ரவுட்டர் பிறருக்கு வழங்க ஒதுக்கியிருக்கும் எண்களுக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே கதவிலக்கத்தில் இரண்டு வீடுகள் முளைத்துவிடும்.

லினக்ஸில் முதல் வேலை, நெட்வொர்க் கார்டின் பெயரைக் கண்டுபிடிப்பது. முன்பெல்லாம் ஈத்0, ஈத்1 என்று எளிமையாக இருக்கும். ஆனால் இரண்டு கார்டுகள் உள்ள சர்வரை மறுபடி இயக்கினால் சில நேரம் பெயர்கள் இடம் மாறிவிடும். உள் நெட்வொர்க்குக்கு எழுதிய ஃபயர்வால் விதிகள் வெளிக்கதவில் போய் உட்காரும். 2013-இல், லினக்ஸைத் தொடங்கி நடத்தும் மென்பொருளான சிஸ்டம்டி இதைத் தீர்த்தது. இன்று நீங்கள் காணும் ஈஎன்பி3எஸ்0 என்ற பெயரில் கார்டு செருகியிருக்கும் இடமே இருக்கிறது: பிசிஐ பஸ் 3, ஸ்லாட் 0. வாயில் நுழையாத பெயர்தான். ஆனாலும் அதன் நேர்மை எனக்குப் பிடிக்கும்.

அடுத்து முகவரி. 192.168.1.10/24 என்று எழுதுகிறோம். முகவரியின் 32 பிட்களில் முதல் 24 தெருவைக் குறிக்கும். மீதி 8 வீட்டு எண். எட்டு பிட்டில் 256 எண்கள். முதலாவது தெருவுக்கே உரிய பெயர், கடைசி எண் தெரு முழுவதையும் கூப்பிட. ஆக 254 வீடுகள். 24-க்குப் பதில் 16 என்று போட்டுவிட்டால் என்ன ஆகும்? 192.168.2 தெருவில் இருப்பவரையும் சர்வர் தன் தெருக்காரர் என்று நம்பிவிடும். தெருவைத் தாண்டிப் போகும் வாசலான கேட்வே வழியாக அனுப்பாமல் நேரே குரல் கொடுத்து, பதில் வராமல் நிற்கும். பக்கத்து மேசைக் கணினியோடு பேசும், மாடியில் இருப்பதோடு பேசாது. கேபிளைக் கழற்றி மாட்டியே அரைநாள் ஓடிவிடும்.

டெர்மினலில் கட்டளையிட்டும் முகவரி தரலாம். உடனே வேலை செய்யும். ஆனால் அது கெர்னலின் நினைவில் மட்டுமே இருக்கும், சர்வரை மறுபடி இயக்கினால் போய்விடும். நிலைக்க வேண்டுமானால் கோப்பில் எழுத வேண்டும். உபுண்டு சர்வரில் 17.10 முதல் அந்த வேலை நெட்பிளானுடையது. அதன் யாம்ல் கோப்பில் வரியின் முன்னே விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டு. அங்கே டேப் விசையைத் தொடக்கூடாது, ஸ்பேஸ் மட்டும்தான்.

தொலைவிலிருந்து இதைச் செய்வது நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுவது போல. எந்த இணைப்பின் வழியே உள்ளே வந்தோமோ அதையே மாற்றுகிறோம். கேட்வேயில் ஓர் எண் பிசகினாலும் சர்வர் கைவிட்டுப் போகும். பிறகு அது இருக்கும் ஊருக்கே போய்த் திரையும் விசைப்பலகையும் மாட்ட வேண்டியதுதான். இந்த நிலைமையை உணர்ந்த யாரோதான் 'நெட்பிளான் ட்ரை' கட்டளையை எழுதியிருக்க வேண்டும். புதிய அமைப்பைச் செயல்படுத்திவிட்டு 120 விநாடி காத்திருக்கிறது. நாம் என்டர் தட்டினால் ஏற்றுக்கொள்ளும். இணைப்பு அறுந்து தட்ட முடியாமல் போனால், தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும்.

என்டர் தட்டிய பிறகும் நான் சர்வரை ஒருமுறை மறுபடி இயக்கிப் பார்க்கிறேன், அலுவலக நேரம் முடிவதற்குள்.