மனசு கனக்கிறதா? மண் பிசைந்து பாருங்கள்

மயூர் விஹாரில் நம்மவர்கள் நிறைய. பேஸ் ஒன்றில் உத்தர குருவாயூரப்பன் கோயில், பேஸ் மூன்றில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி என்று ஊர் வாசனைக்குக் குறைவில்லை. ஆனால் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் “ஏதோ ஓடுது” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மனசு சரியில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தலைபாரம், நெஞ்சுப் படபடப்பு, ராத்திரித் தூக்கமில்லை என்றுதான் டாக்டரிடம் போகிறோம். மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறுவதில்லை என்று நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு சொன்னது. நோய்க்கு நோய் இந்தக் கணக்கு மாறும்.

பேச வராதவர்களுக்குப் பேச்சே தேவைப்படாத ஓரிடம் வேண்டும். மண்பாண்ட வகுப்பு அப்படிப்பட்ட இடம்.

கையில் நடப்பது என்ன?

முதல் வேலை மண் பிசைவது. உள்ளே காற்று தங்காதபடி மேஜையில் ஓங்கி ஓங்கி அடித்துப் பிசைய வேண்டும். வீட்டில் ஒரு டம்ளரைச் சத்தமாக வைத்தாலே “என்ன கோபம்?” என்று கேட்பார்கள். இங்கே எவ்வளவு அடித்தாலும் கேட்க ஆளில்லை.

பிறகு சக்கரம். முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, ஈரக் கையால் மண்ணை நடுவில் நிறுத்த வேண்டும். அவசரப்பட்டால் மண் தள்ளாடும், மூச்சை அடக்கினால் தோள் இறுகிக் கையும் நடுங்கும். விரல் கொஞ்சம் அதிகமாக அழுத்தியதும் சுவர் மடங்கிச் சரியும். கம்பியால் அறுத்தெடுத்து, உருட்டி, மறுபடி சக்கரத்தில் வைக்க வேண்டியதுதான். இணைச் செயலாளராக ஓய்வு பெற்றவருக்கும் கல்லூரிப் பெண்ணுக்கும் முதல் வாரம் கிண்ணம் கோணல்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தாலும் இங்கே அது குற்றமில்லை.

இரண்டு கையிலும் சேறு இருப்பதால் செல்போனைத் தொட முடியாது. கண்ணும் மண்ணிலேயே இருக்கும். எதிரில் உட்கார்ந்து முகம் பார்த்துச் சொல்ல முடியாத விஷயம், பக்கத்துச் சக்கரத்துக்காரரிடம் பேச்சுவாக்கில் வந்து விழும். வராவிட்டாலும் யாரும் தூண்டித் துருவ மாட்டார்கள்.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் நடந்து, 2016-இல் வெளியான ஆய்வில் 39 பேரிடம் களிமண், ஸ்கெட்ச் பேனா, ஒட்டுச்சித்திரப் பொருட்களைக் கொடுத்து 45 நிமிடம் விருப்பம்போல எதையாவது செய்யச் சொன்னார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்குக் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. முன்பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அது சின்ன ஆய்வு, களிமண்ணைத் தனியாகச் சோதித்ததும் அல்ல. ஹாங்காங்கில் மனச்சோர்வு நோயாளிகள் 106 பேரிடம் நடந்து, 2017-இல் வெளியான ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. ஆறு வாரம் களிமண் சிகிச்சை பெற்றவர்களுக்கு, வேறு கலைகளில் ஈடுபட்டவர்களைவிட அறிகுறிகள் நன்றாகக் குறைந்தன. அது முறையாக வகுக்கப்பட்ட சிகிச்சை. பொழுதுபோக்கு வகுப்பில் அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

எங்கே போகலாம்?

வீட்டுப் பக்கத்தில் வகுப்பு இருந்தால் நல்லது. இல்லையென்றால் மெட்ரோ இருக்கிறது. ஜப்பானில் தொழில் கற்று வந்த சர்தார் குர்சரண் சிங்கின் பெயர் சொல்லும் தில்லி புளூ பாட்டரி அறக்கட்டளை, சப்தர்ஜங் மருத்துவமனைக்கு அருகே வகுப்புகள் நடத்துகிறது. மயூர் விஹார்-1இல் புளூ லைன் ஏறினால் வண்டி மாறாமல் உத்தம் நகர் போய்விடலாம். அங்கே பிரஜாபதி குயவர்களின் கும்ஹார் கிராமம் இருக்கிறது. தீபாவளிக்கு முன் தெருவெல்லாம் அகல்விளக்கு காயும். அந்தச் சமயம் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மற்ற நாட்களில் போய்ப் பாருங்கள்.

தூசியும் மெருகும்

ஈர மண் சாது, காய்ந்த மண்தான் வம்பு. அதன் தூசியில் சிலிக்கா உண்டு. வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும். வகுப்பறையைத் துடைப்பத்தால் பெருக்குகிறார்களா, ஈரத்துணியால் துடைக்கிறார்களா என்று முதல் நாளே கவனியுங்கள். ஆஸ்துமாக்காரர்கள் என்-95 முகக்கவசம் போடலாம். மெருகில் ஈயம் இல்லை என்று தெரிந்த பிறகே அந்தக் கோப்பையில் காபி குடியுங்கள். கையில் ஆறாத புண் இருந்தால், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகள், அது ஆறும்வரை பொறுக்கலாம். முதுகுவலி, மூட்டுவலி உள்ளவர்களுக்குச் சக்கரம் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து முறுக்குப் பிழிவதுபோல மண்ணைத் திரித்துச் சுற்றி அடுக்கியே அழகான பானை செய்யலாம்.

டாக்டரைப் பார்க்க வேண்டியது எப்போது?

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் போய்விட்டது, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் வகுப்பு மட்டும் போதாது. மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். நேரில் பார்க்க, கிழக்கு தில்லிக்காரர்களுக்குத் தில்ஷாத் கார்டனில் இஹ்பாஸ் மருத்துவமனை இருக்கிறது. மாத்திரை ஆரம்பித்தாலும் வகுப்பை நிறுத்த வேண்டியதில்லை. போய்க்கொண்டிருப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.