எட்டு வீரர்கள், 3,520 ரூபாய்

சேகரிப்பாளர்கள் வாங்கும் பொம்மைப் படைவீரனின் வழக்கமான உயரம் 54 மில்லிமீட்டர். ஆளின் உயரத்தில் 32-இல் ஒரு பங்கு. உயரம் 32 மடங்கு குறைந்தால் கன அளவு 32,768 மடங்கு குறையும். 65 கிலோ எடையுள்ள ஆள் ஏறக்குறைய 65 லிட்டர். பொம்மையில் அது 2 கன சென்டிமீட்டர்தான். உடை, ஆயுதம், பீடம் சேர்த்து 5 என்று வைப்போம். காரீயத்தில் வார்த்தால் 57 கிராம், வெள்ளீயத்தில் 37.

காரீயம் கிலோ 200 ரூபாய், வெள்ளீயம் 3,000 என்று கொண்டால், ஒரு பொம்மைக்கு உலோகச் செலவு 11 ரூபாய் அல்லது 110. காரீயம் மலிவுதான், ஆனால் நஞ்சு. லண்டனின் பிரிட்டன்ஸ் பொம்மை நிறுவனமே காரீய வீரர்களை 1966-இல் நிறுத்திவிட்டது. 232 டிகிரியில் உருகும் வெள்ளீயத்தை சிலிக்கோன் ரப்பர் அச்சும் தாங்கும். காரீயத்துக்கு 327 டிகிரி வேண்டும். நான் வெள்ளீயத்தையே எடுப்பேன்.

தருமபுரியில் வார்ப்பதென்றால் யாரை வார்ப்பது? 1792-இல் திப்பு, இந்த ஊர் அடங்கிய பாரமகாலைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்த பிறகு கும்பினி அதிகாரி தாமஸ் மன்றோ இங்கே இருந்தார். ஆகவே கும்பினிச் சிப்பாயை வார்க்கலாம். ஆனால் ஊரிலேயே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் நடுகல் வீரர்கள் நிற்கிறார்கள். ஒரு கையில் வில், இன்னொரு கையில் வாள், இடுப்பில் கச்சை. பலர் ஆநிரை மீட்கப் போய் விழுந்தவர்கள். இந்த மண்ணுக்கு அவர்களே பொருத்தம். கணக்கும் அதையே சொல்கிறது.

கூலி மணிக்கு 100 ரூபாய் என்போம். அச்சில் பிதுங்கிய பிசிறை அரத்தால் ராவ அரை மணி: 50. 2,000 ரூபாய் அச்சில் 40 வார்ப்பு எடுத்தால் தலைக்கு 50. பிரைமர், பெயின்ட், வார்னிஷ் 30. மிச்சம் தூரிகை வேலை. சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு, கைமடிப்பு, குறுக்கு வார், பொத்தான். பொத்தான் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி, கை நடுங்கினால் கோட்டையே திரும்பப் பூச வேண்டும். 4 மணி நேரம், 400 ரூபாய். நடுகல் வீரனுக்கு உடல் நிறம், கச்சை, முடி, ஆயுதம் போதும். தோளிலும் முதுகிலும் நிழல் கொடுப்பதில்தான் கைத்திறன் தெரியும். 2 மணி, 200 ரூபாய்.

ஆக, சிப்பாய் 640, நடுகல் வீரன் 440. எட்டுப் பேர் செட் 5,120-க்கும் 3,520-க்கும். சிப்பாயின் அடக்க விலையில் கூலி மட்டும் 70 சதவீதம்.

1893-இல் அதே பிரிட்டன்ஸ் நிறுவனத்தின் வில்லியம் பிரிட்டன் கண்ட உள்ளீடற்ற வார்ப்பு வேறு கணக்கு. ஊற்றிய உலோகம் அச்சின் சுவரோரம் தோல்போல இறுகியதும், நடுவே உள்ளதைத் திருப்பி ஊற்றிவிடுவார்கள். உலோகமும் எடையும் மிச்சம். குழந்தைகளுக்கு ஆயிரக்கணக்கில் விற்றவருக்கு அது பெரிய லாபம். நமக்குப் பாதி உலோகம் குறைந்தாலும் 55 ரூபாய்தான். அதற்காக அந்த வம்பு வேண்டாம்.

பெயின்டில் மட்டும் சிக்கனம் கூடாது. வீட்டு, அலங்கார பெயின்டில் காரீயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. டப்பாவைப் பார்த்தே வாங்க வேண்டும்.

மூலச் சிலை செதுக்கும் கூலியை இன்னும் சேர்க்கவில்லை. 40 மணி நேரம், 4,000 ரூபாய். 5 செட்டோடு நின்றால் வீரனுக்கு 100 கூடும். 25 செட் விற்றால் 20. அப்போது எட்டு நடுகல் வீரர்களின் அடக்கம் 3,680 ரூபாய்.