கேனில் பிடிக்கும் டீசல்: இதெல்லாம் தெரியுமா?

டீசல் இல்லாமல் ஒரு அடி நகராது. ஆனால் ஆயுசு முழுக்கப் பெட்ரோல் பங்க் வாசலை மிதிக்காது. அப்படி ஒரு வண்டி இருக்கிறது, தெரியுமா? தை, மாசியில் கூத்தாநல்லூர் பக்கம் வந்து பாருங்கள். வெண்ணாற்றுப் பாசன வயலில், ஈரம் காயாத சேற்றில் உறுமிக்கொண்டிருக்கும் பெல்ட் டைப் அறுவடை மிஷின்தான் அது! தார் ரோட்டில் அதை ஓட்டிப்போக வழியில்லை. ஊர் விட்டு ஊர் போவதென்றால் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். வயலில் இறங்கிவிட்டால் அதற்குத் தீனி கேனில்தான் வரும்.

கேன் எதில் வரும் என்று கேட்கவே வேண்டாம். டிவிஎஸ் எக்ஸ்எல்! சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே 35 லிட்டர் கேனை நிறுத்தி, முழங்காலால் அணைத்துக்கொண்டு, வரப்போரம் வரைக்கும் வந்துவிடுவார்கள். கசியாமலிருக்க மூடிக்கு அடியில் ஒரு துண்டு பாலித்தீன் வைத்துத் திருகியிருக்கும். அந்தக் கேன் என்ன எடை தெரியுமா? ஏறக்குறைய 29 கிலோதான். அதே கேனில் தண்ணீர் என்றால் 35 கிலோ. டீசல் அவ்வளவு லேசு. வம்பும் அதில்தான் இருக்கிறது. மழையில் கேனுக்குள் தண்ணீர் இறங்கினால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், மேலே பார்த்தால் தெரியாது. விவரமான டிரைவர் கேனைத் தலைகீழாகக் கவிழ்க்க மாட்டார், அடி மண்டியை விட்டுவிடுவார்.

சரி, ரோட்டுக்கே வராத வண்டிக்கு டீசலையே தனி நிறத்தில் விற்கிற நாடுகள் இருக்கின்றன, தெரியுமா? அமெரிக்காவில் சிவப்பு. பிரிட்டனிலும் சிவப்பு. அயர்லாந்தில் பச்சை! வரி குறைவு, ஆகவே விலையும் குறைவு. டிராக்டருக்கும் பம்புக்கும் ஊற்றலாம். அதை லாரியில் ஊற்றி நெடுஞ்சாலையில் ஓடினால் தொலைந்தது. டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்த்தாலே சாயம் காட்டிக் கொடுத்துவிடும். அமெரிக்காவில் அபராதம் 1,000 டாலர் அல்லது கேலனுக்கு 10 டாலர், இரண்டில் எது அதிகமோ அது. பிரிட்டனில் 2022 ஏப்ரல் 1 முதல் கட்டுமான வேலைகளுக்குக்கூடச் சிவப்பு டீசல் கிடையாது. விவசாயிமேல் கைவைக்கவில்லை.

நம் ஊரில்? சாயம் போடும் வித்தை நமக்குத் தெரியாததல்ல. ரேஷன் மண்ணெண்ணெயை நீலமாக்கியவர்கள்தானே நாம்! கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்குத் தமிழ்நாடு அரசு விற்பனை வரி இல்லாத டீசலும் கொடுக்கிறது. ஆனால் வயலுக்கு மட்டும் தனி டீசல் இல்லை. லாரிக்கு என்ன விலையோ அதே விலைதான். இதில் உச்சக்கட்ட வேடிக்கை என்ன தெரியுமா? 2018 பட்ஜெட்டில் டீசல் லிட்டருக்கு 8 ரூபாய் சாலை, உள்கட்டமைப்பு வரி என்று ஒன்றைப் போட்டார்கள். ரோட்டையே பார்க்காத மிஷினும் அதைக் கட்டுகிறது. 2021 பட்ஜெட்டில் டீசலுக்கு லிட்டருக்கு 4 ரூபாய் விவசாய உள்கட்டமைப்பு வரி வந்தது. வயலையே பார்க்காத லாரியும் அதைக் கட்டுகிறது! கணக்கு நேராகிவிட்டது என்று யாராவது சொன்னால், வரப்பில் நின்று கேன் தூக்குகிறவரிடம் சொல்லிப் பாருங்கள்.

ஏன், விவசாயத்துக்கு இலவச கரண்ட் இருக்கிறதே என்பீர்கள். 1990-லிருந்து இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வடிகால் அடைத்துக்கொண்டு இளம் பயிர் முழுகி நிற்கும்போது, தண்ணீரை வெளியே இறைக்கத் தோளில் சுமந்து போகிற ஆயில் இன்ஜினுக்கு எந்தப் போஸ்ட்டிலிருந்து கரண்ட் எடுப்பது? 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, குடிதண்ணீர்த் தொட்டி நிரம்பியதே ஜெனரேட்டரால்தான். அன்றைக்கு டீசல் கேன் வைத்திருந்தவர்தான் ஊரில் பெரிய மனுஷர்.

ஒரு லிட்டர் டீசலின் தெம்பு எவ்வளவு தெரியுமா? நல்ல நிலையில் இருக்கும் இன்ஜினும் பம்பும் அந்த ஒரு லிட்டரைக் குடித்துவிட்டு, ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரைப் பத்தடி உயரத்துக்குத் தூக்கிவிடும்! ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கிறதே, அது மொத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த இன்ஜின் கொடுக்கிற உழைப்பை ஒரு ஆள் கொடுக்க வேண்டுமென்றால், நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் ஐந்து நாள் ஆகும். இறைகூடை பிடித்த தாத்தாக்களுக்குத்தான் இந்தக் கணக்கின் அருமை புரியும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1934-ம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் ஒரே இடத்தில் எவ்வளவு டீசல் வைத்திருக்கலாம் தெரியுமா? 2,500 லிட்டர்! 35 லிட்டர் கேன் என்றால் எழுபதுக்கும் மேல். பெட்ரோல்? சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர், அவ்வளவுதான். அதே கேனை ஒரு தடவை முழுசாக நிரப்பினாலே சட்டம் தாண்டிவிடும். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் பெட்ரோல் குண்டு வீச்சுகள் நடந்தபோது, பாட்டிலிலும் கேனிலும் பெட்ரோல் கொடுக்காதே என்று பங்க்குகளுக்குப் போலீஸ் கறார் காட்டியதும் பெட்ரோல் சட்டென்று பற்றிக்கொள்ளும் என்ற பயத்தில்தான்.

அதற்காக டீசல் பரம சாது என்று நினைக்காதீர்கள். பெட்ரோல் பிடித்த காலிக் கேனில் டீசல் ஊற்றுவது எவ்வளவு ஆபத்து தெரியுமா? பெட்ரோல் ஆவி கேனுக்குள் அடர்த்தியாக இருக்கும்வரை, எரியப் போதுமான காற்று உள்ளே இருக்காது. டீசல் உள்ளே போகப் போக அந்த ஆவியை உறிஞ்சும். ஆவி மெலிந்து, தீப்பிடிக்கச் சரியான பக்குவத்துக்கு வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து ஒரு பொறி! பொறி எங்கிருந்து வரும்? குழாயில் பாயும் எண்ணெயிலேயே நிலைமின்சாரம் பிறக்கிறது. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 டீசலில் கந்தகம் வெறும் 10 பிபிஎம். கந்தகத்தை எடுக்கிற சுத்திகரிப்பு, எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தும் தன்மையையும் குறைத்துவிடுகிறது. ஆகவேதான் வண்டி மேல் கேன் இருந்தால் பங்க் தம்பி, "அண்ணே, கேனை இறக்கித் தரையில வைங்க" என்கிறார். நாசில் கேன் வாயைத் தொட்டபடியே இருக்க வேண்டும். நுரை பொங்கும், பொறுத்து, மேலே கொஞ்சம் இடம் விட்டு நிறுத்த வேண்டும். வெயிலில் டீசல் உப்பும்.

உலகம் முழுக்கப் படம் பார்த்துப் பழகிய அந்த 20 லிட்டர் இரும்புக் கேன் இந்தியா வழியாக அமெரிக்கா போனது தெரியுமா? 1930-களில் ஜெர்மன் ராணுவத்துக்காகச் செய்தது. மூன்று கைப்பிடி, இரண்டு பேர் சேர்ந்தும் தூக்கலாம். 1939-ல் பால் பிளைஸ் என்ற அமெரிக்க இன்ஜினியர் ஒரு ஜெர்மன் நண்பருடன் பெர்லினிலிருந்து கல்கத்தாவுக்குக் காரில் கிளம்பினார். தண்ணீர் எடுத்துப்போக பெர்லின் விமான நிலையக் கிடங்கிலிருந்து மூன்று கேன்களைக் கிளப்பிக்கொண்டு வந்தார் நண்பர். கல்கத்தாவில் நிறுத்தப்பட்ட அந்தக் கார், கேன்களோடு கப்பலேறி 1940-ல் நியூயார்க் போய்ச் சேர்ந்தது!

கூத்தாநல்லூருக்குச் 'சின்ன சிங்கப்பூர்' என்று பேர். அந்தப் பெரிய சிங்கப்பூரில், முக்கால் டேங்க் எண்ணெய் இல்லாமல் மலேசிய எல்லையை அந்த ஊர்க் காரில் தாண்ட முடியாது, 1991 முதல்! அந்தப் பக்கம் போய் மலிவாக நிரப்பிக்கொண்டு வந்துவிடக் கூடாதாம். நம் பக்கத்தில் எண்ணெய் மலிவாகக் கிடைக்கும் காரைக்காலுக்கு யாராவது இப்படி ஒரு சட்டம் போட்டால் டெல்டாவில் பாதிப் பேர் மாட்டுவார்கள்.

இலங்கையில் 2022-ல் இதைவிடக் கொடுமை. கலன்களுக்கு எரிபொருள் இல்லை என்று அறிவித்தார்கள். நிரப்பு நிலையங்களில் ராணுவம் நின்றது. ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தது.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்கும், தெரியுமா? சந்தேகம் வந்தால் கேளுங்கள், அதில் பிடித்துக் காட்டியாக வேண்டும். 25 மில்லி வரை முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் குறைந்தால், முத்திரை போட்ட எடையளவுத் துறைக்கே ஒரு புகார் எழுதிவிடலாம்.