குதிரையின் நாடி சொல்லும் தீர்ப்பு

குதிரைப் பந்தயம் என்றால் தங்கவயல்வாசிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது பெங்களூர் ரேஸ்தான். சம்பளப் பணத்தோடு ரயிலேறிப் போய், காலிப் பையோடு கடைசி வண்டியில் திரும்பியவர்களின் கதை சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் ஒன்றா, இரண்டா? அந்த ரேஸ் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். வென்ற குதிரைக்கு மாலை. தோற்றவனுக்கு நடைப் பயணம்.

விடியுமுன் புறப்பட்டு, பொழுது சாய்ந்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும் குதிரைப் பந்தயமும் ஒன்று உண்டு. நெடுந்தூரக் குதிரைச் சவாரி என்று அதைச் சொல்லலாம். உலகப் போட்டிகளில் அதன் முழு தூரம் 160 கிலோமீட்டர். பழைய கணக்கில் நூறு மைல். ஒரே குதிரை, ஒரே ஆள், ஒரே நாள்.

நூறு மைல் என்பது எவ்வளவு தூரம்? 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிய பிறகு, மாரிக்குப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் ஸ்டேஷன்களில் இருட்டோடு ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவர்கள் போய்த் திரும்பும் மொத்த தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். உட்கார இடம் கிடைத்தாலும் இடுப்பு ஒடிந்து போகும் அந்த தூரத்தை, ஒரு குதிரை முதுகில் ஆளைச் சுமந்துகொண்டு மேடு பள்ளம் பாராமல் ஓடிக் கடக்கவேண்டும்.

ஓடி முடித்தால் மட்டும் போதாது. இந்தப் போட்டியின் விசேஷமே அங்குதான் இருக்கிறது.

ஸ்டெதாஸ்கோப்பே நடுவர்

160 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் ஓடவிடுவதில்லை. பாதையைப் பல சுற்றுகளாகப் பிரித்துவிடுகிறார்கள். ஒரு சுற்று அதிகபட்சம் 40 கிலோமீட்டர். சுற்று முடிந்ததும் குதிரையை மிருக வைத்தியரிடம் நிறுத்தவேண்டும். அவர் முதலில் பார்ப்பது இதயத் துடிப்பு. சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிஷத்துக்கு 30 முதல் 40 துடிப்பு இருக்கும். நாலுகால் பாய்ச்சலில் அது 200-ஐயும் தாண்டும். சுற்றை முடித்து வந்த 15 நிமிஷத்துக்குள் அது 64-க்கோ அதற்குக் கீழோ இறங்கியாகவேண்டும். இறங்காவிட்டால் அந்தக் குதிரைக்கு அத்தோடு பந்தயம் முடிந்தது. மேலே உட்கார்ந்திருப்பவர் ராஜகுமாரனாக இருந்தாலும் கீழே இறங்கவேண்டியதுதான்.

அடுத்து, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு குதிரையைச் சிறு ஓட்டமாக ஓட்டிக் காட்டவேண்டும். கால் லேசாக நொண்டினாலும் விலக்கிவிடுவார்கள். கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்ப்பார்கள். தோல் உடனே படியாவிட்டால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். ஈறின் நிறத்தைப் பார்ப்பார்கள். வயிற்றில் காது வைத்துக் குடல் சத்தம் கேட்பார்கள். சத்தம் அடங்கியிருந்தால் அபாயம். எல்லாம் தேறினால் ஏறக்குறைய 40 நிமிஷம் கட்டாய ஓய்வு. புல், தண்ணீர், பிறகு மறுபடி சேணம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நடுச் சுற்றுகளில் குதிரை வந்து சேர்ந்த நேரத்தோடு கடிகாரம் நிற்பதில்லை. துடிப்பு இறங்கிய குதிரையை வைத்தியர் முன் கொண்டுவந்து நிறுத்தும் வரையில் அது ஓடிக்கொண்டே இருக்கும். வெறி பிடித்தாற்போல் ஓட்டிவந்து மூச்சிரைக்கும் குதிரையோடு காத்திருப்பவனைவிட, கடைசிக் கிலோமீட்டரை நிதானமாக நடத்திவந்தவன் முன்னாலே போய்விடுவான். அதனால்தான் குதிரை வந்தவுடன் நாலைந்து பேர் வாளியும் கையுமாக ஓடிப் போய்த் தண்ணீரை ஊற்றிக் குளிரவைக்கிறார்கள். கடைசிச் சுற்றில் எல்லைக்கோட்டை முதலில் தொட்ட குதிரையும் வைத்தியப் பரிசோதனையில் தவறினால் பரிசு இல்லை.

தங்கம் தேடியவர்களின் பாதை

இந்தப் போட்டி இன்றைய உருவத்தில் பிறந்தது 1955-ல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில். இந்தக் காலத்துக் குதிரைக்கு ஒரே நாளில் நூறு மைல் போகும் திராணி ஏது என்று பேச்சு வந்தபோது, ஆபர்ன் நகரத்து வியாபாரி வெண்டல் ராபி சில தோழர்களோடு மலைகளைக் கடந்து போய்க் காட்டினார். டெவிஸ் கோப்பை என்ற பெயரில் அது ஆண்டுதோறும் நடக்கும் போட்டியாயிற்று. அவர்கள் போன தடம் யாருடையது தெரியுமா? கலிபோர்னியாவின் தங்க வயல்களுக்கும் நெவாடாவின் வெள்ளிச் சுரங்கங்களுக்கும் இடையே, 19-ம் நூற்றாண்டில் சுரங்கத் தொழிலாளர்கள் போய்வந்த மலைப்பாதை அது!

அந்தப் போட்டியில் 24 மணி நேரத்துக்குள் தேறி முடிக்கும் ஒவ்வொருவருக்கும் வெள்ளி பெல்ட் பக்கிள் உண்டு. முதல் பத்துக் குதிரைகளில் நல்ல உடல்நிலையோடு நிற்கும் குதிரைக்கென்று ஹாகின் கோப்பை தனி. முதலில் வந்தவரைவிட அதை வாங்கியவரையே மெச்சுகிறவர்கள் உண்டு. மெச்சட்டுமே, நியாயம்தான்.

ஆஸ்திரேலியாவில் 1966-ல் டாம் குவில்டி தங்கக் கோப்பை தொடங்கியது. முதல் ஆண்டு அதை வென்ற கேப்ரியல் ஸ்டெகர், ஷலாவி என்ற அரபுக் குதிரையில் சேணமே இல்லாமல் நூறு மைலையும் கடந்தார். 1978-ல் சர்வதேசக் குதிரையேற்ற சம்மேளனம் இந்த விளையாட்டை அங்கீகரித்தது. முதல் உலகப் போட்டி 1986-ல் ரோமில் நடந்தது. ஒலிம்பிக்கில் மட்டும் இதற்கு இடம் கிடைக்கவில்லை.

பூதிக்கோட்டை வீரன்

நெடுந்தூரச் சவாரியைத் தேடி அமெரிக்கா வரை போவானேன்? பங்காருப்பேட்டைக்குத் தெற்கே சில கல் தொலைவில் இருக்கிறது பூதிக்கோட்டை. 1720-ஐ ஒட்டி ஹைதர் அலி பிறந்த ஊர் அது. அவரது தகப்பனார் பத்தே முகம்மதுவின் சமாதி கோலாரில் இருக்கிறது.

1767-ல் தொடங்கிய முதல் மைசூர்ப் போரின் கடைசிக் கட்டத்தில், ஹைதர் ஒரு காரியம் செய்தார். கர்னல் ஸ்மித்தின் படையைச் சென்னையிலிருந்து வெகு தூரம் இழுத்துப்போனார். பிறகு பீரங்கிகளையும் பெரும்படையையும் ஊர் திரும்பச் சொல்லிவிட்டு, பொறுக்கி எடுத்த 6000 குதிரை வீரர்களோடும் 200 காலாட்களோடும் சென்னையை நோக்கித் திரும்பினார். மூன்றரை நாளில் 130 மைல்! 1769 மார்ச் கடைசியில் பரங்கிமலைப் பக்கம் அவரது குதிரைகள் வந்து நின்றபோது கோட்டைக்குள் இருந்த கும்பினிக்காரர்களுக்குக் கை கால் ஓடவில்லை. ஏப்ரலில் ஹைதர் சொன்னபடி உடன்படிக்கை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு கோட்டையையும் இடிக்காமல், குதிரைக் குளம்பாலேயே ஜெயித்த யுத்தம் என்று அதைச் சொன்னால் தப்பில்லை.

கணக்குப் பார்த்தால் நாளொன்றுக்கு 37 மைல். இன்றைய போட்டிக் குதிரை ஒரே நாளில் 100 மைல் போகிறதே, இது என்ன பிரமாதம் என்று கேட்கத் தோன்றும். போட்டிக் குதிரைக்கு மறுநாள் ஓட்டம் இல்லை. ஹைதரின் குதிரைகளோ பங்குனி வெயிலில் அடுத்தடுத்த நாளும் ஓடின. முதுகில் ஆளும் ஆயுதமும் தீனியும். ஆயிரக்கணக்கான குதிரைகளுக்குத் தண்ணீர் காட்ட வழியில் ஏரி, குளம் எங்கெங்கே என்று முன்கூட்டித் தெரிந்திருந்தாலொழிய இது நடக்காது. கொள்ளும் புல்லும் வேறு வேண்டும். எத்தனை குதிரைகள் போய்ச் சேர்ந்தன என்று வரலாறு சொல்கிறது. திரும்பி வந்தவை எத்தனை, வழியில் விழுந்தவை எத்தனை என்று யார் எண்ணினார்கள்?

நெஞ்சைச் சோதித்த கதை

எண்ணிப் பார்க்கும் வழக்கம் எப்போதுமே தாமதமாகத்தான் வருகிறது. சாம்பியன் ரீப்ஸுக்கு இது புதிதல்ல. 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். அந்த வெக்கையிலும் கல் தூசியிலும் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் உழைத்தார்கள். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி வேலை தொடங்கியது. 1940 முதல் 1946 வரையில் 7653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 43 பேருக்கு மேல் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் இருந்தது தெரியவந்தது. அதற்குள் இரண்டு தலைமுறை குழிக்குள் இறங்கி ஏறியிருந்தது.

இன்றைய போட்டியில் குதிரையின் நெஞ்சை ஒவ்வொரு 40 கிலோமீட்டருக்குள்ளும் சோதிக்கிறார்கள். வாயில்லா ஜீவனுக்கு அந்த உரிமையும் சும்மா கிடைத்துவிடவில்லை. விதி இருந்தும் மீறியவர்கள் உண்டு. வளைகுடா நாடுகளில் பணம் புகுந்த பிறகு பாலைவனச் சமவெளியில் ஓட்டத்தின் வேகம் ஏறியது, குதிரைகளின் காலும் முறிந்தது. குதிரைகளின் நலன் பற்றிய புகார்களின் பேரில் 2015-ல் ஐக்கிய அரபு எமிரேட்ஸின் சம்மேளனத்தைச் சர்வதேச சம்மேளனம் சில மாதங்களுக்கு நீக்கி வைத்தது. 2018-ல் அமெரிக்காவின் டிரையானில் நடந்த உலகப் போட்டியைப் புழுக்கமும் வெப்பமும் தாங்காமல் பாதியில் நிறுத்தினார்கள். ஒரு குதிரையைக் காப்பாற்ற முடியாமல் கருணைக் கொலை செய்யவேண்டி வந்தது.

புழுக்கம் ஏன் அப்படி வாட்டுகிறது? குதிரையும் மனிதனைப் போல வியர்த்துத்தான் உடம்பைக் குளிரவைக்கிறது. கடும் ஓட்டத்தில் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேலும் வியர்வை போகும். அதோடு உப்பும் போகும். காற்றில் ஈரம் மிகுந்தால் அந்த வியர்வை உலராது, சூடு உள்ளேயே தங்கிவிடும். காற்றோட்டமில்லாத சுரங்கத் தளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டாம். பெரிய உடம்பும் கனத்த சதையும் உள்ள குதிரைகள் இதில் சீக்கிரம் தோற்பதும், ஒல்லியான அரபுக் குதிரைகள் நிலைப்பதும் இதனால்தான்.

மலப்புரத்துப் பெண்

இந்தியாவில் பெங்களூர்க்காரர் பவாத் மிர்சா, 2018 ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளி வாங்கினார். அது தாண்டுதலும் நடைப்பழக்கமும் சேர்ந்த வேறு வகைப் போட்டி. நெடுந்தூரச் சவாரியில் இந்தியாவுக்குப் பெயர் வாங்கித் தந்தவர், கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்துத் திரூரைச் சேர்ந்த நிதா அஞ்சும் சேலாட். 2023 செப்டம்பரில் பிரான்சின் காஸ்தெல்சாக்ராவில் இளையோருக்கான உலகப் போட்டி நடந்தது. 120 கிலோமீட்டரை எப்சிலான் சாலு என்ற குதிரையில் 7 மணி 29 நிமிஷத்தில் முடித்தார். அந்தப் போட்டியை முடித்த முதல் இந்தியர் அவர்தான். மறு ஆண்டு அதே நாட்டில் மோன்பாசியேயில், பெரியவர்களுக்கான 160 கிலோமீட்டரையும் முடித்தார்.

பத்திரிகைகள் அவர் நேரத்தைப் பெரிய எழுத்தில் போட்டன. போட்டி தெரிந்தவர்கள் கேட்ட கேள்வி வேறு. ஒவ்வொரு சுற்றிலும், கடைசிக் கோட்டைத் தாண்டிய பிறகும், எப்சிலான் சாலு வைத்தியரிடம் தேறியதா? தேறியது, காலில் காயமில்லாமல் நடந்து லாயத்துக்குப் போயிற்று.