மேல் காதில் ஒரு துளை

காதின் அடியில் தொங்கும் மென்சதையில் குத்திய துளை ஆறு முதல் எட்டு வாரங்களில் ஆறிவிடும். அதே காதில் இரண்டு விரற்கடை மேலே, விளிம்பில் குத்திய துளை ஆற ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். குத்துகிறவர் ஒருவர்தான், போடுகிற தங்கமும் ஒன்றுதான். ஆனாலும் கீழே குத்தியபோது பிரச்சினை எதுவும் வரவில்லை என்ற நம்பிக்கையில் மேலே குத்திக்கொண்டவர்கள், "மூணு மாசம் ஆச்சு, இன்னும் ஈரமாவே இருக்கு" என்று கவலைப்படுவதை அடிக்கடி கேட்கிறோம்.

மேல் காது குத்துவது நமக்குப் புதிதல்ல. கொப்பும் முருகும் அணிந்த பாட்டிமாரைத் தென் மாவட்டங்களில் இன்றும் பார்க்கலாம். இடையில் சில தலைமுறைகள் விட்டுவிட்ட வழக்கம் இப்போது ஹெலிக்ஸ், ட்ராகஸ் என்ற பெயர்களோடு கல்லூரி மாணவிகளிடம் திரும்பியிருக்கிறது. திரும்பி வந்ததில் தவறில்லை. மேல் காதும் கீழ்க் காதும் உடலியல்படி வேறு வேறு என்பதைச் சொல்லாமலேயே குத்தி அனுப்புகிறார்களே, அதுதான் வருத்தம்.

கீழ்க் காதில் இருப்பது கொழுப்பும் நார்த்திசுவும். ரத்த ஓட்டமும் அங்கே தாராளம். மேல் காதை விறைப்பாக நிறுத்திவைப்பது குருத்தெலும்பு. அதற்குள் ரத்தக் குழாயே கிடையாது. அதன் இருபுறமும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்து கசிந்து வருகிற ஊட்டத்தைக் கொண்டுதான் அது உயிர்வாழ்கிறது. புண் ஆறுவதற்கு வேண்டிய வெள்ளணுக்கள், ஆக்சிஜன், நாம் விழுங்கும் மாத்திரையின் மருந்து எல்லாமே ரத்தத்தில்தான் பயணம் செய்கின்றன. ரத்தம் நேரடியாக எட்டாத இடத்தில் ஆறுவதும் மெதுவாகத்தான் நடக்கும். கிருமியை எதிர்ப்பதும் அப்படியே.

குத்திய துளை மற்ற காயங்களைப் போல மூடி ஆறுவதில்லை. நடுவில் உலோகம் இருப்பதால், அதைச் சுற்றித் தோலாலான ஒரு குழல் உருவாக வேண்டும். மலையை இரு பக்கமிருந்தும் குடைந்து சுரங்கப்பாதை போடுகிறவர்கள் நடுவில் சந்திப்பதைப்போல, முன்புறத் தோலின் செல்களும் பின்புறத் தோலின் செல்களும் உள்நோக்கி ஊர்ந்து வந்து நடுவில் சேர வேண்டும். வெளி வாய்கள் இரண்டும் முதலில் ஆறிவிடும். நடுப்பகுதி கடைசியில்தான் ஆறும். வெளியே பார்த்து "ஆறிப்போச்சு" என்று முதலில் போட்ட தோட்டைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது உள்ளே பச்சைப் புண் கிழிகிறது. அடங்கியிருந்த வீக்கம் திரும்பவும் வருகிறது.

துளை தூர்ந்துவிடாமல் இருக்கத் தினமும் தோட்டைத் திருகிவிடச் சொல்லும் பழக்கத்தையும் இதே காரணத்துக்காகவே கைவிட வேண்டும். உலோகம் இருக்கும்வரை துளை தூராது. ஒவ்வொரு முறை திருகும்போதும் ஊர்ந்து வந்த இளம் செல்கள் பிய்கின்றன. காய்ந்த பொருக்கும் விரலில் இருக்கும் கிருமியும் உள்ளே போகின்றன. தோட்டின் தண்டில் வெளிர்மஞ்சளாகக் காயும் பொருக்கைப் பலரும் சீழ் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அது பெரும்பாலும் புண்ணிலிருந்து ஊறும் நிணநீர் காய்ந்தது. ஆறுகிற புண் அப்படித்தான் இருக்கும். நகத்தால் சுரண்டாமல், உப்பு நீரில் ஊறவிட்டுத் துடைத்தால் தானே வந்துவிடும்.

உப்பு நீர் என்றால் மருந்துக்கடையில் நார்மல் சலைன் என்று கேட்டால் கிடைக்கும் 0.9 விழுக்காட்டுக் கரைசல். நம் ரத்தத்தின் உப்புச் செறிவுக்கு இணையானது என்பதால் புதிய செல்களுக்கு அது தீங்கு செய்வதில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நாளுக்கு இருமுறை அதைக்கொண்டு துடைத்தால் போதும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு சேர்த்து ஆற வந்த செல்களையும் கொல்கின்றன. தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசும் வழக்கம் நம் வீடுகளில் நெடுநாளாக உண்டு. மஞ்சளின் குர்குமினுக்கு அழற்சியைத் தணிக்கும் குணம் இருப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆனால் சமையலறை டப்பாவிலிருந்து எடுக்கும் தூள் கிருமி நீக்கப்பட்டதல்ல. எண்ணெயில் குழைந்த தூள் குறுகலான துளைக்குள் அடைத்துக்கொண்டால், வெளியேற வேண்டிய நீர் உள்ளேயே தேங்கும். ரத்த ஓட்டம் மிகுந்த கீழ்க் காது இதைத் தாங்கிக்கொள்ளும். குருத்தெலும்பில் இந்தப் பரிசோதனை வேண்டாம்.

நம் முன்னோர் காது குத்துவதன் சிக்கல்களை அறியாதவர்கள் அல்லர். சுசுருத சம்ஹிதை காது குத்துவதையும் கிழிந்த காதை ஒட்டவைப்பதையும் ஒரே அத்தியாயத்தில் பேசுகிறது. தவறான இடத்தில் குத்தினால் வலி, வீக்கம், காய்ச்சல் வரும் என்று எச்சரிக்கிறது. கிழிந்த மடலை ஒட்ட 15 முறைகளை விவரிக்கிறது. அத்தனை முறைகள் தேவைப்பட்டிருக்கின்றன என்றால், அந்தக் காலத்திலும் காது குத்திக் கெட்டுப்போனவர்கள் கணிசமாக இருந்திருக்க வேண்டும்.

மேல் காதில் கிருமி புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 2000ஆம் ஆண்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே நகைகள் விற்கும் சிறு கடை ஒன்றில் காது குத்திக்கொண்டவர்களுக்கு அடுத்தடுத்துக் காது வீங்கியது. விசாரித்ததில் ஏழு பேருக்குச் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா தொற்றியது உறுதியானது. மேலும் 18 பேருக்கு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. உறுதியான ஏழு பேரும் 10 முதல் 19 வயதுக்குள் இருந்தவர்கள். நான்கு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலருக்குக் காதின் வடிவமே கெட்டுப்போனது. கீழ்க் காதில் குத்தியவர்களைவிட மேல் காதில் குத்தியவர்களுக்கே ஆபத்து அதிகம் இருந்தது. கிருமி எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, குத்துவதற்கு முன் தெளிக்கும் கிருமிநாசினிப் புட்டியிலேயே அது வளர்ந்திருந்தது தெரிந்தது.

ஈரம் இருக்கும் இடமெல்லாம் வாழக்கூடிய பாக்டீரியா இது. கழுவுதொட்டி, குளியலறை, நீச்சல்குளம் எங்கும் இருக்கும். ஆறும்வரை குளம், கிணறு, நீச்சல்குளத்தில் தலை முழுகக் கூடாது என்பது இதனால்தான்.

ஒரிகன் சம்பவத்தில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் கொடுக்கப்பட்ட ஆன்ட்டிபயாட்டிக், சூடோமோனாஸிடம் வேலை செய்யாத வகை. நம் ஊரில் காது வீங்கினால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் அமாக்சிசிலினும் அதனிடம் செல்லாது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற வேறு மருந்து தேவைப்படும். வயதையும் உடல்நிலையையும் பார்த்து அதை மருத்துவர்தான் தர வேண்டும். தவறான மாத்திரையில் கழியும் நான்கைந்து நாட்களில் சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே சீழ் கோத்துக்கொள்கிறது. சவ்வு விலகியதும் குருத்தெலும்புக்கு ஊட்டம் நின்றுவிடுகிறது. இறந்த குருத்தெலும்பு மீண்டும் வளராது. காது சுருங்கி மடங்கிப் போவது இப்படித்தான். பிறகு அதைச் சரிசெய்ய விலா எலும்பின் குருத்தை எடுத்து ஒட்டும் அறுவை சிகிச்சைவரை போக நேரலாம்.

எனவே அடையாளங்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முதல் சில நாட்கள் லேசான வலி, சிவப்பு, வீக்கம் இயல்பு. நாளாக நாளாக அவை குறைய வேண்டும். குறைந்த வலி திடீரெனக் கூடினாலும், மேல் காது முழுக்கச் சிவந்து சூடாகிக் கீழ்க் காது மட்டும் இயல்பாக இருந்தாலும், கெட்டியான சீழ் வந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். கீழ்க் காதில் குருத்தெலும்பு இல்லாததால் குருத்தெலும்பின் சவ்வில் வரும் அழற்சி அங்கே பரவுவதில்லை. மருத்துவர்கள் நோயைக் கண்டுகொள்ள இதுவும் ஒரு துப்பு. பயத்தில் தோட்டை வீட்டிலேயே கழற்றிவிடக் கூடாது. வாய் மூடிக்கொண்டு சீழ் உள்ளே அடைபடலாம். கழற்றுவதா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஆறாத எல்லாப் புண்ணும் கிருமியால் வருவதல்ல. அரிப்பும் சிறு கொப்புளமும் நீர்க்கசிவுமாக இரண்டு காதும் ஒரே மாதிரி இருந்தால், பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை. கவரிங் நகைகளில் தங்க முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சு இருப்பது சாதாரணம். முலாம் தேய்ந்ததும் நிக்கல் வியர்வையில் கரைந்து பச்சைப் புண்ணுக்குள் இறங்குகிறது. ஒருமுறை உடல் நிக்கலை எதிரியாகப் பதிவு செய்துவிட்டால் பெரும்பாலும் அது ஆயுளுக்கும் நீடிக்கும். பிறகு கைக்கடிகாரப் பட்டை, ஜீன்ஸ் பொத்தான் பட்ட இடத்திலும் அரிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் நிக்கலுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2004இல் அதைத் திருத்தி, துளைக்குள் போடும் தண்டிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்று வரம்பு வைத்தது. 22 காரட் தங்கத்தில் 91.6 விழுக்காடு பொன். மிச்சம் பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். ஆகவே முதல் தோடு தங்கமாக இருக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு அறிவியல் துணை உண்டு. உடலுக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டானியமும் நல்லது. வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் கலந்திருக்கலாம். கேட்டுவிட்டே வாங்க வேண்டும்.

துளையின் ஓரத்தில் வரும் புடைப்பைப் பார்த்ததும் கீலாய்டு என்று கலங்குகிறவர்கள் பலர். குத்திய சில வாரங்களிலேயே சிவப்பாக, மென்மையாக, தொட்டால் ரத்தம் கசிவதாக வந்தால் அது ஓயாத உரசலால் வளர்ந்த இளஞ்சதை. மூக்குத்தித் துளையில் இது மிகவும் சகஜம். உரசலை நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கீலாய்டு பல மாதங்கள் கழித்து மெல்ல வரும். கெட்டியாக, காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும், தானாகக் குறையாது. தழும்பை உருவாக்கும் கொலாஜன் உற்பத்தி நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காததன் விளைவு இது. வெளிர்தோல் உள்ளவர்களைவிடக் கருநிறத் தோல் உள்ளவர்களுக்கு அதிகம் வரும். குடும்பத்தில் தொடரவும் செய்யும். அதை வெறுமனே வெட்டியெடுத்தால் பல நேரங்களில் முன்னைவிடப் பெரிதாக வளரும். டிரையாம்சினோலோன் ஊசி, அழுத்தக் கிளிப், சிலிக்கோன் ஜெல் பட்டை ஆகியவற்றோடு சேர்த்துத்தான் தோல் மருத்துவர்கள் சிகிச்சை தருகிறார்கள். 2005இல் ஒரு குழந்தை மருத்துவ இதழில் வந்த சிறிய ஆய்வு, 11 வயதுக்குப் பிறகு காது குத்திக்கொண்டவர்களிடம் கீலாய்டு அதிகம் இருந்ததைக் காட்டியது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கீலாய்டு இருந்தால் பதின்வயதில் புதிய துளைகளைத் தவிர்ப்பது நல்லது.

கடைசியாக, குத்தும் கருவி. நகைக்கடைகளில் பயன்படுத்தும் விசைத் துப்பாக்கி கூர்ஊசியால் துளைப்பதில்லை. தோட்டின் முனையையே வேகமாக அறைந்து ஏற்றுகிறது. கீழ்க் காது அதைப் பொறுத்துக்கொள்ளும். குருத்தெலும்பு நசுங்கும், சில நேரம் விரிசலும் விடும். பிளாஸ்டிக் பாகங்கள் உள்ள துப்பாக்கியை மருத்துவமனைக் கருவிகளைப்போல நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்க முடியாது. பின்பக்கத் திருகை இறுக்கிவிடும்போது, வீங்கும் காதுக்கு இடமில்லாமல் தோடே சதைக்குள் புதைந்துவிடுவதும் உண்டு. கோயில்களில் தாய்மாமன் மடியில் வரிசையாக உட்காரும் குழந்தைகளுக்கு ஒரே ஊசி என்றால், ஆபத்து வேறு வகை: ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாட்கள்வரை உயிர்ப்போடு இருக்கக்கூடியது. உறையிலிட்ட புது ஊசியை நம் கண்ணெதிரே பிரிக்கச் சொல்வதும், குழந்தைக்கு அட்டவணைப்படி தடுப்பூசிகள் போட்ட பிறகே அழைத்துப்போவதும், மேல் காதுக்குத் துப்பாக்கி என்றால் எழுந்து வந்துவிடுவதும் நம் கையில் இருக்கின்றன.