மாப்பிள்ளைக்கு முதல் ஷிஃப்ட்

ராத்திரி அழுகிற குழந்தைக்குக் காரணம் சொல்ல எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஆளா இல்லை? உரம் விழுந்திருக்கு, சீர் தட்டியிருக்கு, கண் பட்டிருக்கு. மகளுக்குப் பிரசவமானதும் பெங்களூரு ஒயிட்ஃபீல்டுக்கு வந்தேன். எதிர் ஃபிளாட்டுக் கன்னட அம்மாவும் "திருஷ்டி ஆகிதே" என்றார். மிளகாய் சுற்றிப் போட்டோம். பேத்தி பதினோரு மணிக்கு வழக்கம்போல் ஆரம்பித்தாள்.

பிறந்த குழந்தைக்கு ராத்திரி பகல் தெரியாது. உடம்புக்குள்ளிருக்கும் கடிகாரம் பழகவே இரண்டு மூன்று மாதமாகும். வயிறும் சின்னது, அடிக்கடி பால் கேட்கும். அழுகை மட்டும் இரண்டாவது வாரத்திலிருந்து ஏறி, ஆறாவது வார வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மாரையே குறித்து வைக்கச் சொல்லி, 1962-லேயே இதை எழுதினார். ஆறாவது வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரி இரண்டே முக்கால் மணி நேரம்! கிரைப் வாட்டருக்கும் வசம்புக்கும் பேர் கிடைத்த ரகசியம் இதுதான் என்பது என் கட்சி. உச்சத்தில் இருக்கும்போது கொடுக்கிறோம். தானாக இறங்கும்போது பேர் பாட்டிலுக்குப் போகிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும் என்கிறார்கள் டாக்டர்கள். ஒரு வயது வரை தேன் நாக்கில் தடவவே கூடாது.

இன்னொன்று. முனகுவதெல்லாம் அழுகையில்லை. கண்ணை மூடிக்கொண்டே நெளியும், முக்கும், ஒரு சத்தம் போடும். அது தூக்கத்தில் ஒரு பாதி. பாய்ந்து தூக்கினால் நாமே எழுப்பிவிட்டதாகும். ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால் பல தடவை தானே அடங்கிவிடுகிறது.

நிஜமாகவே அழுதால் தோளில் போட்டு நடக்க வேண்டியதுதான். ஜப்பானில் ரிகென் ஆய்வு நிலையத்தில் குமி குரோடா குழுவினர் 21 குழந்தைகளை வைத்துப் பார்த்து 2022-ல் வெளியிட்டார்கள்: ஐந்து நிமிஷம் தூக்கிக்கொண்டு நிற்காமல் நட, தூங்கியதும் மடியில் வைத்தபடி ஐந்திலிருந்து எட்டு நிமிஷம் உட்கார், அப்புறம் படுக்க வை. நம் உடம்பிலிருந்து பிரிகிற நொடியில்தான் குழந்தை உஷாராகிறதாம். ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்து பார்த்துவிட்டேன். அந்த உட்காரும் எட்டு நிமிஷத்தில்தான் சூட்சுமம்.

தூளி கட்ட இந்த வீட்டில் வழியில்லை, முழுக்க ஃபால்ஸ் சீலிங். போகட்டும். தூளியில் குறுகிப் படுக்கும்போது தாடை நெஞ்சில் முட்டி மூச்சடைக்கலாம் என்பதால், பக்கத்தில் ஆள் விழித்திருந்தால் மட்டுமே அது சரி. ராத்திரியில் மேடுபள்ளமில்லாத, மெத்தென்று அமுங்காத படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், தலையணை வேண்டாம். பெங்களூரு மார்கழிக் குளிருக்குப் பயந்து குல்லா, ஸ்வெட்டர், கம்பளி என்று நான் அடுக்கப் போனபோது டாக்டர் பிடரியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வியர்த்திருந்தால் உடுப்பு அதிகம். தூங்கும்போது குல்லாவே வேண்டாம்.

மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, பச்சையாக வாந்தி, வீறிட்டு நிற்காத அழுகை என்றால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மற்றபடி, கவனிக்க வேண்டியது என் மகளின் தூக்கத்தை. மாப்பிள்ளைக்கு அமெரிக்காக்காரர்களோடு கால், எப்படியும் ஒரு மணி வரை முழிப்பு. "மாப்பிள்ளை, அதுவரைக்கும் குழந்தை உங்க பொறுப்பு" என்றேன். "கால்ல அழுதா என்ன பண்றது அத்தை?" என்றார். "மியூட் பண்ணிட்டு நடங்க" என்றேன். கறந்து வைத்த தாய்ப்பால், அறைச் சூடு 25 டிகிரி செல்சியஸைத் தாண்டாவிட்டால் நாலு மணி நேரம் தாங்கும். பெங்களூரு மார்கழியில் அந்தக் கவலை குறைவு. ஒன்பதிலிருந்து ஒன்று வரை மகள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள்.

அவகாசம் கிடைத்தும் தாய்க்குத் தூக்கம் வராமல், காரணமில்லாமல் அழுகையும் பயமுமாக இரண்டு வாரம் போனால் அதைப் 'பிள்ளை பெற்ற அலுப்பு' என்று தள்ளாதீர்கள். ஓசூர் ரோடு நிம்ஹான்ஸில் தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் சேர்த்தே அனுமதித்துச் சிகிச்சை தரும் பிரிவு 2009 முதல் இருக்கிறது. எந்த ஊரிலிருந்தும் 14416-க்குப் போன் போடலாம். அது டெலி மானஸ், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.