வில்லைப் பொதிந்து அனுப்பும் முறை

புத்தகம் ஒன்றை வெளியூருக்கு அனுப்பவேண்டுமாயின், அது நனையாதபடி காகிதத்தில் சுற்றி அனுப்பிவிடுகிறோம். குத்துவிளக்காயின், நசுங்காதபடி வைக்கோலிட்டுக் கட்டுகிறோம். வில்லின் செய்தி வேறு. அது வளைவதற்கென்றே செய்யப்பட்ட பொருள். ஆயினும் தனக்குரிய ஒரே திசையில், தனக்குரிய அளவிற்கு மட்டுமே அது வளையலாம். பக்கவாட்டில் ஒரு பெருஞ்சுமை சில நாள் அதன்மேல் அழுத்திக் கிடந்தால், வில் முறுகிவிடும். முறுகிய வில்லில் நாண் நேரே நில்லாது. அம்பும் குறிக்குச் செல்லாது.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. வழியில் விழுந்து அடிபட்ட வில்லில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று தோன்றலாம். கண்ணுக்கு அது எளிதிற் புலப்படாது. பெற்றுக்கொண்டவர் வில்லை முழுதும் இழுத்து நாணைக் கன்னத்தருகே கொணரும் வேளையில், வெடித்த இடத்தில் வில் முறியும். முறிந்த துண்டு எங்கே பாயும் என்பதை யார் சொல்ல முடியும்? ஆகவே வில்லைப் பொதிபவரின் கவனம், முகமறியாத ஒருவரின் கண்ணைக் காக்கும் கவனமுமாகும்.

பொதிவதற்கு முன் செய்யவேண்டிய முதற்காரியம் நாணைக் கழற்றுதல். நாணேற்றிய வில், இழுக்கப்படாத நிலையிலும் ஓயாத விசையைத் தாங்கிக்கொண்டே நிற்கிறது. மர வில்லை வாரக்கணக்கில் அவ்வாறே விட்டுவைத்தால் அந்த வளைவு அதில் நிலைத்துப்போய், வலிமை குன்றும். நான் தலைமையாசிரியராயிருந்த காலத்தில் எங்கள் விளையாட்டு அறைக்கு மூங்கில் விற்கள் ஒரு கட்டாக வந்து சேர்ந்தன. எல்லாவற்றிலும் நாணை ஏற்றி, கோணியிற் சுற்றி, இறுகக் கட்டியிருந்தார்கள். அனுப்பியவர் சிக்கனமாகத்தான் அனுப்பினார்; ஆனால் அவற்றுட் பாதி விறகாகத்தான் பயன்பட்டன.

நாணைக் கழற்றலாகாத வில்லும் உண்டு. இரு முனைகளிலும் உருளைகள் பொருத்திய காம்பவுண்டு வில்லின் நாணையும் வடங்களையும் அதற்குரிய அழுத்துகருவி இல்லாமல் தொடலாகாது. அதனை நாணோடு அப்படியே, உருளைகளுக்குச் சுற்றிலும் மெத்தை கொடுத்து, உறுதியான பெட்டியில் வைத்து அனுப்புவதே முறை.

இனிச் செலவைப் பார்ப்போம். நீண்ட மர வில்லொன்றின் நிறை பெரும்பாலும் ஒரு கிலோவிற்குள் அடங்கிவிடும். எனினும் கூரியர் நிறுவனத்தார் கேட்கும் கட்டணம் நம்மைத் திகைக்க வைக்கிறது. காரணம் யாதெனின், அவர்கள் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. வண்டியிலும் விமானத்திலும் பொதி அடைத்துக்கொள்ளும் இடத்தையும் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, அதனை 5,000-ஆல் வகுத்தால் வரும் எண்ணையே கன அளவு நிறை என்று பல நிறுவனங்கள் கொள்கின்றன. உண்மை நிறை, கன அளவு நிறை ஆகிய இரண்டில் எது பெரிதோ அதற்கே கட்டணம்.

சிறிது கணக்குப் போடுவோம். வகுப்பறைப் பழக்கம் எளிதில் போவதில்லை. வில் 180 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். அதனை 190 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமும் உள்ள பெட்டியில் தாராளமாகப் பஞ்சிட்டு வைத்தால், கன அளவு நிறை 17.1 கிலோ. அதே வில்லை 190 செ.மீ. நீளமும் பக்கம் 10 செ.மீ. வீதமும் உள்ள ஒடுங்கிய பெட்டியில் வைத்தால் 3.8 கிலோதான். வில் ஒன்றே, ஊரும் ஒன்றே, கட்டணம் பெறும் நிறை மட்டும் நான்கு மடங்கிற்கு மேல் வேறுபடுகிறது.

அஞ்சல் நிலையங்களிலோ வேறொரு வரம்பு குறுக்கே வரும். நீளத்தையும், அதன் குறுக்கே சுற்றியளந்த சுற்றளவையும் கூட்டிப் பார்ப்பார்கள். அமெரிக்க அஞ்சல் துறையின் பிரயாரிட்டி மெயில் என்னும் வகையில் இக்கூட்டுத்தொகை 108 அங்குலத்தை, அதாவது ஏறத்தாழ 274 செ.மீ.யைத் தாண்டலாகாது. நம்முடைய ஒடுங்கிய பெட்டிக்கு இது 230. அகன்ற பெட்டிக்கு 280. அகன்ற பெட்டியை ஏற்கவே மாட்டார்கள். வில்லுக்குப் பாதுகாப்பு வேண்டுமாயின் பெரிய பெட்டி வேண்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. அகன்ற பெட்டி நடுவிலே அமுங்கும். ஒடுங்கிய கூடு எளிதில் வளையாது. இந்தப் பொருளைப் பொறுத்தவரை சிக்கனமும் பாதுகாப்பும் ஒரே வழியில்தான் செல்கின்றன.

அத்தகைய கூட்டிற்கு எங்கே போவது? தரைக்கம்பளமும் துணியும் சுற்றிவரும் கெட்டியான அட்டைக் குழாய்களைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் எறிந்துவிடுகிறார்கள். கேட்டால் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள். சுவர் தடித்த குழாயாகத் தேர்ந்தெடுத்தால், ஓர் ஆள் ஏறி நின்றாலும் அது அமுங்குவதில்லை. பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயும் நன்றே. ஆனால் தடித்த குழாயின் நிறை வில்லின் நிறையைப்போல் பல மடங்காகிவிடும். ஆதலின் கழிவுநீருக்கென விற்கும் மெல்லிய குழாயே போதும். உருளைப் பொதி வண்டியில் உருண்டோடும் என்று சில நிறுவனங்கள் தனிக் கட்டணம் கேட்கும். குழாயின்மேல் இரண்டு மரச்சட்டங்களை நீளவாக்கில் வைத்துக் கட்டிவிட்டால் உருளாது. வெளிநாட்டிற்கு அனுப்புவதாயின் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதப்படுத்தாத பச்சை மரத்தைப் பொதியில் சேர்த்தால், பூச்சிகள் பரவாமல் தடுக்கும் பன்னாட்டு விதிப்படி பொதியை நிறுத்திவிடுவார்கள். ஒட்டுப்பலகைக்கும் அட்டைக்கும் அவ்விதி இல்லை.

குழாயின் நடுப்பகுதியைப்பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். முனைகளைப்பற்றி நினைப்பவர் சிலரே. உண்மையில் பொதி கெடுவது முனையில்தான். குழாய் செங்குத்தாக விழும்போது உள்ளிருக்கும் வில், அம்பைப்போலவே பாய்ந்து, மெல்லிய மூடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். நாண் மாட்டும் கொளுவிகள் இருப்பதும் அங்கேதான். அவை உடைந்தால் வில் பயனற்றது. ஆகவே இரு முனைகளிலும் வட்டமாக அறுத்த ஒட்டுப்பலகையைச் செருகி, பக்கவாட்டில் திருகாணி முடுக்க வேண்டும். வில்லின் நுனிக்கும் பலகைக்கும் இடையில் நான்கு விரற்கடை பஞ்சோ பழந்துணியோ அடைக்க வேண்டும். பிறகு குழாயைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஓசை கேட்டால் மீண்டும் பிரித்து அடையுங்கள். ஒட்டும் நாடாவை வில்லின்மேல் நேரே ஒட்டாதீர்கள்; பிரிக்கும்போது மெருகும் சேர்ந்து வந்துவிடும். முகவரியை வெளியே எழுதுவதோடு, உள்ளேயும் ஒரு சீட்டில் எழுதிவையுங்கள். அம்புகளைத் தனிக்கட்டாக, கூர்முனைகளுக்கு உறையிட்டு அனுப்புங்கள்.

ஒலிம்பிக் போட்டியில் காணும் ரிகர்வ் வில்லுக்கு இத்துணை நீளக் கூடு வேண்டியதில்லை. நடுக் கைப்பிடி வேறு, மேலும் கீழுமுள்ள கிளைகள் வேறாக அதைக் கழற்றிவிடலாம். கைப்பிடி பெரும்பாலும் 25 அங்குலம். ஆகவே 75 செ.மீ. பெட்டியில் முழு வில்லும் அடங்கும். நீண்ட பொதிகளுக்குக் கூரியர்கள் விதிக்கும் மிகைக் கட்டணமும் நீங்கும். இதற்கு நேர்மாறாக, கொம்பும் நரம்பும் மரமும் சேர்த்து ஒட்டிய கொரிய நாட்டு வில், நாணை இறக்கியவுடன் எதிர்ப்புறமாக ஏறக்குறைய வளையம்போலச் சுருண்டுகொள்ளும். அதற்குக் குழாய் உதவாது. ஆழம் குறைந்த அகன்ற பெட்டியே வேண்டும். பசை ஈரத்தில் இளகுமாதலால் ஈரம்புகாத உறையும் தேவை.

வில்லைப் பெட்டியிலிட்டுக் கடல் கடத்தும் வழக்கம் புதிதன்று. இங்கிலாந்தில் வில்லுக்கேற்ற யூ மரம் போதாமையால், அந்நாட்டிற்கு வரும் வணிகக் கப்பல்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில்மரங்கள் கொண்டுவர வேண்டும் என்று 1472-இல் சட்டமியற்றினார்கள். முடிந்த வில்லையன்றிச் செதுக்காத மரத்தையே தருவித்தது சிறந்த அறிவு; மரத்துண்டுக்கு வழியில் முறுகிக் கெடும் அச்சமில்லை. எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பல் 1545-இல் மூழ்கியது. அதன் உடல் 1982-இல் மேலே தூக்கப்பட்டது. அக்கப்பலிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட விற்கள் கிடைத்தன. அவற்றுட் பல, நீண்ட மரப்பெட்டிகளில் நாணின்றி நெருக்கமாக அடுக்கியபடியே இருந்தன. நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் அவற்றைக் காத்ததில் கடலடிச் சேற்றுக்கும் பெரும்பங்கு உண்டு. எனினும், நாணைக் கழற்றி, இடைவெளியின்றி, நீண்ட ஒடுங்கிய பெட்டியில் வைத்த முறை இன்று நாம் சொல்லும் முறையேயன்றோ?

நம் நாட்டின் தேசியப் போட்டிகளில் இந்தியச் சுற்று என்றொரு பிரிவு உண்டு. அதில் எய்பவர்கள் மூங்கிலால் ஆன எளிய வில்லையே பிடிக்கிறார்கள். ஒலிம்பிக் தரமுள்ள வில்லின் விலை இலட்சக் கணக்கில் ஏறும்போது, எளிய குடும்பத்துப் பிள்ளைகள் இந்த விளையாட்டில் அடியெடுத்துவைப்பது இத்தகைய வில்லைக் கொண்டுதான். செப்பனிட அனுப்பிய ஒரு வில் முறிந்து திரும்பினால், அவர்களிடம் மாற்று வில் இராது. அவ்வாண்டுப் போட்டியும் இராது. குழாய்க்கும் பலகைக்கும் செலவிடும் சில ரூபாயை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வில்லைப் பெறுபவருக்கும் வேலையுண்டு. குழாயைப் பிரித்தவுடன் நாணேற்ற விரையாதீர்கள். வெயிலில் நின்ற வண்டியின் உட்புறம் கொதிக்கும். ஒட்டுப்பலகை போல அடுக்கி ஒட்டிய வில்லின் பசை அச்சூட்டில் தளரக்கூடும். ஓரிரவு நிழலில் கிடத்தி வையுங்கள். மறுநாள் சிறிது பஞ்சை எடுத்து வில்லின் முழுநீளமும் மெல்லத் தடவுங்கள். வெடிப்பு இருந்தால் பஞ்சின் இழை அங்கே சிக்கும். சிக்காவிடின் நாணேற்றி, முதலில் கால்பங்கு, பிறகு அரைப்பங்கு என்று சிறிது சிறிதாக இழுத்து, ஒவ்வொரு முறையும் கையை விடாமலே நாணைத் திரும்பக் கொண்டுவந்து பாருங்கள். அம்பு தொடுக்காமல் நாணை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். வழியெல்லாம் பழுதின்றி வந்த வில்லும் அந்த ஒரு நொடியில் முறிந்துபோகும்.